பிளம்ஸ் காய் கோலிகுண்டு அளவில் உதிர்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

கொடைக்கானல், வில்பட்டி பக்கம் வீடு. கொல்லையில் 7 வயது ஒட்டுக்கட்டிய பிளம்ஸ் மரம் ஒன்று. பிப்ரவரியில் இலையே தெரியாமல் வெள்ளையாகப் பூத்தது, காயும் நன்றாகப் பிடித்தது, ஆனால் ஏப்ரல் தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் முப்பது நாற்பது காய் தரையில் கிடக்கிறது. அறுத்துப் பார்த்தேன், புழு இல்லை. கொட்டைக்குள் பருப்பு மட்டும் சுருங்கியிருக்கிறது. அடிமரத்தில் இரண்டு இடத்தில் கோந்து வேறு வடிகிறது.

ஒருநாள் விட்டு ஒருநாள் நாலு குடம் தண்ணீர். தை மாதம் இரண்டு கூடை மக்கிய சாணம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு இரண்டு முறை. கோந்தைச் சுரண்டி போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பூஞ்சைக்கொல்லி) தடவினேன், அது ஒரு வாரம் நின்று மறுபடி வடிகிறது. பஞ்சகவ்யம் 10 லிட்டருக்கு 300 மில்லி தெளித்ததில் அடியில் போட்ட பீன்ஸ்தான் செழித்தது, மரம் அசையவில்லை! மார்ச்சில் அந்த பீன்ஸுக்காக மரத்தடியைக் கொத்தினேன், அப்போது கொஞ்சம் வேர் அறுந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்து மரங்களில் இப்படி உதிரவில்லை, ஆனால் அங்கே ஏழெட்டு மரம் சேர்ந்து நிற்கிறது, என்னுடையது ஒற்றை மரம்.

இது மகரந்தம் சேராத கோளாறா, வேர் அறுந்ததாலா, இல்லை கோந்து வடிகிற நோய்தானா?