ஏற்காட்டு மலைப்பாதைக்கு எது பொருந்தும்: கேமன் ஜிடிஎஸ் 4.0-ஆ, இசட்4 எம்40ஐ-ஆ?

அஸ்தம்பட்டியான்:
அனைவருக்கும் வணக்கம். இருவர் மட்டுமே அமரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாகவேனும் வாங்கிவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பணம் சேர்த்து, இப்போது போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0, பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ ஆகிய இரண்டில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். இரண்டும் தானியங்கி கியர் வண்டிகள். முன்னதில் 400 குதிரைத்திறன்; மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 4 நொடியில் எட்டுகிறது. பின்னதில் 340, அதற்கு 4.5 நொடி ஆகிறது. ஆனால், நான் ஓட்டப்போவது ஞாயிறு விடியலில் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு ஏரி வரைதான். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஐந்துரோடு பட்டறை:
ஐயா, அந்த 400 என்ற எண்ணை மலைக்கு மேல் அப்படியே நம்ப வேண்டாம். கேமனின் 4 லிட்டர் இன்ஜின் டர்போ இல்லாமல் காற்றைத் தானே உறிஞ்சுவது. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவதால், ஏற்காட்டை எட்டும்போது அதன் திறனும் 345 அளவுக்கு இறங்கிவிடும். இசட்4-இன் 3 லிட்டர் இன்ஜினில் டர்போ காற்றை அழுத்திக் கொடுப்பதால் அந்த இழப்பு பெருமளவு ஈடாகிவிடுகிறது. அதன் முறுக்குவிசையான (இன்ஜின் தண்டைச் சுழற்றும் விசை) 500 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 1,600 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். கேமனின் 430 நியூட்டன் மீட்டர் முழுமையாகக் கிடைக்க 5,500 சுழற்சி வரை காத்திருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஏறக்குறைய நின்று எழும் வண்டிக்கு இது பெரிய வேறுபாடு.

ஒண்டிக்கடை:
பட்டறை நண்பர் சொன்னது சரியே. ஆயினும், ஏறுவது பாதி வேலைதான். திரும்புவதையும் பார்க்க வேண்டும். இருபுறமும் குடம் தொங்கும் காவடியைத் தோளில் சுமந்து திரும்புவதற்கும், ஒரே குடத்தை இடுப்பில் அணைத்துத் திரும்புவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். கேமனின் இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் நடுவில் அமர்ந்திருப்பதால், ஸ்டீயரிங்கைத் திருப்பியதுமே மூக்கு வளைந்து கொடுக்கிறது. இசட்4-இலும் முன்னும் பின்னும் எடை பாதிக்குப் பாதியாகத்தான் பகிரப்பட்டுள்ளது. ஆனால் அதன் பானெட் நீளமானது, ஓட்டுநர் பின் அச்சை ஒட்டி அமர்கிறார், ஆகவே உள்வளைவின் விளிம்பு கண்ணுக்குத் தெரிவதற்குள் வண்டியின் முன்பகுதி எதிர்த்தடத்துக்குப் போய்விடக்கூடும். அகலமும் 1,864 மில்லிமீட்டர். கேமனைவிட 63 கூடுதல். எதிரே பேருந்து இறங்கி வரும்போது அந்த இரண்டரை அங்குலத்தின் மதிப்பு புரியும்.

இரண்டுமே தரையோடு தாழ்ந்தவை என்பதால் வேகத்தடைகளைச் சாய்வாகத்தான் கடக்க வேண்டும். இறங்கும்போது கியரைக் கையால் இரண்டில் நிறுத்தி இன்ஜின் பிடிப்பிலேயே வாருங்கள். எவ்வளவு பெரிய டிஸ்க்காக இருந்தாலும் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் திரவம் கொதித்துப் பெடல் தளர்ந்துவிடும்.

அஸ்தம்பட்டியான்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என் மனம் கேமன் பக்கம்தான் சாய்கிறது. ஆனால், இசட்4-இன் துணிக்கூரை 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டத்திலேயே 10 நொடியில் திறந்துகொள்ளும் என்பதையும், கோடை மழைக்குப் பின் காப்பி பூத்திருக்கும் நாளில் அந்த மணத்தினூடே ஏறுவதையும் என் மனைவி நினைவூட்டுகிறார். இரண்டையும் இந்த மாதமே ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.