உதவி: லேண்ட்லைன்ல வெளிய பேச முடியுது, உள்ள வர்ற கால் மட்டும் அடிக்கல

மல்லிகைப்பந்தல்:
டயல் டோன் இருக்கு. யார் கூப்பிட்டாலும் மணி அடிக்கல. லைன்ல கால் வருதான்னு எப்படிச் சோதிக்கிறது? அவசரம்.

ரோசட்ராஜா:
செம்புக் கம்பியா, ஃபைபரா? கூப்பிடுறவங்களுக்கு என்ன கேக்குது: ரிங், பிஸி, அறிவிப்பு? மொத்தம் எத்தனை போன் செட்?

தஞ்சை82:
வர்ற காலை வேற நம்பருக்குத் திருப்புற கால் டைவர்ஷன்தான். கேன்சல் பண்ணுங்க, சரியாயிடும்.

பழையலைன்மேன்:
செட்டு அடியில மணிக்கான ரிங்கர் சுவிட்ச் ஆஃப்ல இருக்கான்னு பார்க்காம அவசரம்னு போடுறாங்க. எழுதிக்குங்க. லைன் வந்து சேர்ற சுவத்து டப்பா, அதான் ரோசட், அதைத் திறந்து ரெண்டு ஸ்க்ரூவிலும் மல்டிமீட்டர் புரோப் (அளக்குற முனை) வைங்க. ரிசீவர் வச்சிருக்கும்போது சுமார் 48 வோல்ட் டிசி, எடுத்தா 6-10. மணி ஏசியா வரும், அதனால இப்ப மீட்டரை ஏசிக்கு மாத்திட்டு மொபைல்ல இருந்து 0, எஸ்டிடி கோடு, நம்பர்னு கூப்பிடுங்க. ரெட்டை ரெட்டையா 75 வோல்ட் பக்கம் துள்ளினா கால் வருது, கோளாறு வீட்டுக்குள்ள. எல்லா செட்டையும் கழட்டினப்புறமும் துள்ளலேன்னா வெளிய. அந்த நேரம் கம்பியைக் கையால தொடாதீங்க, ஷாக் அடிக்கும்.

ஓம்விதி:
மலிவான மஞ்சள் மீட்டர்ல இது ஏமாத்தும். ஏசி ரேஞ்சில வச்சாலும் 48 டிசிக்கே 100க்கு மேல காட்டும், புரோப்பை மாத்தினா 0. ஒரு புரோப்போட 1 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் பாலியஸ்டர் கெப்பாசிட்டரை சீரீஸ்ல போட்டுட்டு அளங்க, அது டிசியைத் தடுத்துடும்.

தஞ்சை82:
ரிங் 90 வோல்ட், 20 ஹெர்ட்ஸ். 75 இல்ல.

பழையலைன்மேன்:
அது அமெரிக்கப் புத்தகம். இங்க 25 ஹெர்ட்ஸ்.

ஓம்விதி:
லைன்மேன் சொன்ன 25 ஹெர்ட்ஸ் சரி. வோல்ட் லைன் நீளம், செட் எண்ணிக்கையைப் பொறுத்து இறங்கும். 75, 90னு சண்டை எதுக்கு?

மல்லிகைப்பந்தல்:
செம்புதான். கூப்பிடுறவங்களுக்கு ரிங் போகுது. மாடியில அதே லைன்ல பேரலல் செட் ஒண்ணு இருக்கு.

ரோசட்ராஜா:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். அவங்க கேக்குற ரிங் எக்ஸ்சேஞ்ச் தர்றது, உங்க செட்டுக்கு மணி போச்சுங்கறதுக்கு அத்தாட்சி இல்ல. மாடி செட்டைக் கழட்டிட்டு ஒரே செட்டை ரோசட்ல நேரா போடுங்க. ஒரு செட்டோட ரிங்கர் பகுதி கெட்டா ரிங் கரண்ட்டை அதுவே இழுத்துக்கும், பேச்சு மட்டும் ஒழுங்கா இருக்கும். ஒரே செட்லயும் அடிக்கலேன்னா வேற செட் வாங்கிப் போட்டுப் பாருங்க. செட்டுக்குள்ள ரிங்கர் கெப்பாசிட்டர் ஓப்பன் ஆனாலும் (உள்ள தொடர்பு அறுந்தாலும்) பேச்சு இருக்கும், மணி அடிக்காது. மணி அடிக்க ஆரம்பிச்சுப் பாதியில கட்டானா ஒயர்ல ஈரக்கசிவு. ரிசீவர் எடுத்ததா எக்ஸ்சேஞ்ச் நினைச்சுக்கும்.

தஞ்சை82:
டைவர்ஷன் பார்த்தீங்களா?

மல்லிகைப்பந்தல்:
மாடி செட்டைக் கழட்டினதும் கீழ அடிக்குது. நன்றி.

ரோசட்ராஜா:
கோளாறு மாடி செட்லயா, மாடிக்குப் போற ஒயர்லயா? அந்த செட்டைக் கீழ ரோசட்ல தனியா போட்டுப் பார்த்துச் சொல்லுங்க.

பழையலைன்மேன்:
இனிமே எங்க வரப்போறாரு.