சதாபிஷேகப் பந்தியும் முகிலனின் கைப்பேசியும்

[குழு: வடக்கு வீதிக் குடும்பம், கும்பகோணம்]

கவிதா: அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் சதாபிஷேகத்துக்குச் சமையல்காரர் இன்று மாலைக்குள் இலைக் கணக்குக் கேட்கிறார். சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போடுவதா, பெரியவர்களோடு உட்கார வைப்பதா என்பதையும் சொல்ல வேண்டும்.

விசாலம் அத்தை: தனிப் பந்தி போட்டால் இலைதான் வீண். போன மாதம் வந்திருந்தபோது உன் முகிலன் நான் பிசைந்து வைத்த சாம்பார் சாதத்தைத் தொடவே இல்லை. ஃப்ரீ ஃபயர் என்ற அந்தத் துப்பாக்கி விளையாட்டு ஆடும் கைப்பேசியைக் கையிலிருந்து வாங்கினால்தான் பிள்ளைக்குப் பசியெடுக்கும்.

கவிதா: பசி இல்லாமல் இல்லை, அத்தை. விளையாடும்போது இரண்டு கட்டைவிரல்களும் திரையிலேயே இருப்பதால் எதையும் வாயில் வைப்பதில்லை. ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ரொட்டி, பிஸ்கட் என்று உலர்ந்ததாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறான். விரலில் நெய்யோ பருக்கையோ ஒட்டினால் குறி தவறிவிடுமாம். இரவு பத்து மணிக்கு மேல் சமையலறையில் நின்றபடியே கிடைத்ததையெல்லாம் தின்கிறான்.

பாலு மாமா: என் பிள்ளையும் அப்படித்தான்.

சுந்தரேசன் பெரியப்பா: கவிதா சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. விளையாட்டு பசியைக் கொல்வதில்லை. பசியும் நிறைவும் தெரியாதபடி கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. டென்மார்க்கில் 15 முதல் 19 வயது வரையுள்ள 22 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். ஒரு நாள் ஒரு மணி நேரம் கால்பந்து வீடியோ கேம் ஆடவிட்டும், மற்றொரு நாள் அதே நேரம் சும்மா உட்காரவைத்தும், பிறகு வேண்டிய மட்டும் மதிய உணவு உண்ணச் சொன்னார்கள். ஆடிய நாளில் அவர்கள் சராசரியாக 80 கலோரி கூடுதலாக உண்டார்கள். எண்ணெய் விடாத சிறிய சப்பாத்தி ஒன்றின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கூடுதலாகப் பசித்ததாக அவர்கள் சொல்லவில்லை. இரத்தத்தில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனும் அப்படி எதையும் காட்டவில்லை. அன்றைய மற்ற வேளைகளில் குறைத்துச் சாப்பிட்டு அதை ஈடு கட்டவும் இல்லை. அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மதிய உணவின்போது கணினியில் சீட்டாட்டம் ஆடியவர்கள் வயிறு அவ்வளவாக நிறையவில்லை என்றார்கள், அரை மணி நேரம் கழித்து மற்றவர்களைவிட அதிகமாக பிஸ்கட் தின்றார்கள், என்னென்ன எந்த வரிசையில் சாப்பிட்டோம் என்பதையும் சரியாக நினைவுகூரவில்லை. இதற்கு டென்மார்க் வரை போகவும் வேண்டாம். 1998 ஏப்ரலில் சார்ஜா கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நம் சந்திரன், மணற்புயல் வந்து ஆட்டம் நின்ற பிறகுதான் மடியிலிருந்த வடைத் தட்டு காலியாகியிருப்பதைக் கவனித்து, யார் எடுத்தது என்று என்னிடம் சண்டைக்கு வந்தான்.

சந்திரன்: அண்ணா, சச்சின் 143 அடித்த நாளில் வடையை எண்ணிக்கொண்டிருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

விசாலம் அத்தை: அந்த வடையைச் சுட்டவள் நான். எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அது போகட்டும், இந்தக் கைப்பேசியைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பாலு மாமா: இணையவழி வகுப்புக்கென்று கவிதா கேட்டதால்தான் துபாயிலிருந்து அனுப்பினேன். இரண்டு வயதில் யூடியூபைக் காட்டிக் காட்டி அவனுக்குச் சோறூட்டிய பழக்கம் எங்கள் பக்கத்திலிருந்து வந்ததல்ல, சம்பந்தியம்மா.

தீபா: அப்பா சொன்ன ஆய்வுகளை அப்படியே முகிலன்மீது ஒட்டிவிட வேண்டாம். ஒன்றில் இருந்தவர்கள் சரியான எடையுள்ள பெரிய பையன்கள், மற்றதில் இருந்தவர்கள் வளர்ந்தவர்கள். இரண்டும் ஒரு நாள் சாப்பாட்டைத்தான் பார்த்தன. இவனுக்குப் பதினொரு வயதுதான் ஆகிறது, இரவில் தின்பதற்குத் தூக்கம் கெடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம், கவிதா அக்கா. ஃப்ரீ ஃபயரில் ஓர் ஆட்டம் ஏறத்தாழ 10 நிமிடம், அதே மாதிரியான பிஜிஎம்ஐ விளையாட்டு என்றால் அரை மணி நேரம் வரை போகும். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை, வெளியேறினால் கூட்டாளிகள் திட்டுவார்கள். இலை போட்ட பிறகு கூப்பிட்டால் அவன் வரமாட்டான், வந்தாலும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவான். இலை போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே, அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள்.

விசாலம் அத்தை: பந்தி வாசலில் ஒரு தாம்பாளம் வைக்கிறேன். எல்லாச் சிறுவர்களும் கைப்பேசியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

சந்திரன்: பெரியவர்களுக்கும் அதே தாம்பாளம்தானா?

பாலு மாமா: நான் வீடியோ எடுக்க வேண்டியிருக்கிறது. என்னுடையதைக் கேட்காதீர்கள்.

கவிதா: அப்பாவும் மாமாவும் இலைக்கு முன்னால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் அவனிடம் என்ன சொல்வது? சரி, சமையல்காரர் மறுபடியும் அழைக்கிறார். தனிப் பந்தி வேண்டாம், சிறுவர்களை இரண்டாம் பந்தியில் நம்மோடு சேர்த்துச் சொல்லிவிடட்டுமா?

விசாலம் அத்தை: இரண்டாம் பந்தி என்றால் அதற்குள் நான்கு ஆட்டம் ஆடி, பிஸ்கட்டால் வயிற்றை நிரப்பியிருப்பார்கள். முதல் பந்தியிலேயே உட்கார வை.

சந்திரன்: முதல் பந்தி சாஸ்திரிகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும். அங்கே இடம் ஏது?

சுந்தரேசன் பெரியப்பா: பந்தி வரிசையைப் பற்றி எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. சற்று விரிவாக எழுதுகிறேன்.

கவிதா: பெரியப்பா, உங்கள் வீட்டிலிருந்து எத்தனை இலை என்பதை மட்டும் முதலில் எழுதுங்கள்.