கயிற்றில் இறங்கும்போது கை நழுவினால்?

ஈசூன்வாசி:
வணக்கம். இரண்டு வருடமாக உள்ளரங்குச் சுவரில் ஏறுகிறேன். அடுத்த மாதம் பத்துமலைப் பக்கம் சுண்ணாம்புப் பாறையில் ஏறப் போகிறோம். ஏறுவதில் பயமில்லை, மேலே போனபின் நாமே கயிற்றில் இறங்க வேண்டும் என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. தேசிய சேவையில் கோபுரத்திலிருந்து இறங்கியிருக்கிறேன், ஆனால் அங்கே கயிற்றை மாட்டிவிட ஒருவர், கீழே இழுத்துப் பிடிக்க ஒருவர் இருந்தார்கள். தனியாக இறங்கும்போது கை விட்டுப்போனால் என்ன செய்வது? எங்கள் கயிறு 60 மீட்டர்.

மலைக்காரி:
தம்பி, அதற்குத்தான் பிரூசிக் என்ற பிடிமுடிச்சு. 6 மில்லிமீட்டர் துணைக்கயிற்றை வளையமாகக் கட்டி, ஏடிசிக்கு (கயிற்றை உரசி இறங்கும் வேகத்தைக் குறைக்கும் கருவி) கீழே, மடித்துப் போட்ட கயிற்றின் இரண்டு இழைகளையும் சேர்த்துச் சுற்றி ஹார்னஸில் (இடுப்பு வார்) மாட்டிக்கொள்ளுங்கள். இறங்கும்போது கையால் தள்ளிக்கொண்டே வர வேண்டும், கை விட்டால் அதுவே இறுகிப் பிடித்துவிடும். 1931இல் கார்ல் பிரூசிக் என்ற ஆஸ்திரியர் எழுதி வைத்த முடிச்சு, இன்றும் அதுதான் காப்பாற்றுகிறது. ஒன்று கவனம்: முடிச்சு ஏடிசியில் போய் முட்டினால் பிடிக்காது. அதனால் ஏடிசியை ஒரு ஸ்லிங் (நாடா வளையம்) போட்டுக் கொஞ்சம் உயரே தள்ளி வையுங்கள்.

குவாரி_குமார்:
அக்கா சொன்னது சரி. ஆனால் எனக்குக் கை நழுவுவதைவிடக் கயிறு தீர்ந்துபோவதுதான் பெரிய பயம். 60 மீட்டரை ஆங்கரில் (மேலே பாறையில் கயிற்றைத் தாங்கும் பிடிமானம்) நடுவாக மடித்துப் போட்டால் 30 மீட்டர்தான் இறங்கலாம். நடு சரியாக இல்லாமல் ஒரு முனை குட்டையாக இருந்து, அது ஏடிசியை விட்டு வெளியே வந்துவிட்டால், மொத்தக் கயிறும் ஆங்கரிலிருந்து உருவிக்கொண்டு உங்களோடு கீழே வரும். எனக்கு ஒரு தடவை இருட்டும் நேரத்தில் அவசரத்தில் நடு தவறிவிட்டது, தரைக்கு நாலு மீட்டர் இருக்கும்போது ஒரு முனை கைக்கு வந்தது, முனையில் முடிச்சு இருந்ததால் அங்கேயே நின்றேன். அன்றிலிருந்து இரண்டு முனையிலும் முடிச்சுப் போடாமல் கயிற்றைக் கீழே எறிவதே இல்லை. இறங்கியதும் அவிழ்த்துவிட்டுத்தான் கயிற்றை இழுக்க வேண்டும், இல்லையென்றால் மேலே மாட்டிக்கொள்ளும்.

மலைக்காரி:
அப்புறம் உங்களை ஆங்கரோடு மாட்டியிருக்கும் ஸ்லிங்கை உடனே கழற்றாதீர்கள். முதலில் முழு எடையையும் கயிற்றில் போட்டு, கேரபைனர் (உலோகக் கொக்கி) பூட்டியிருக்கிறதா, பிரூசிக் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு கழற்றலாம்.

ஈசூன்வாசி:
நன்றி அக்கா, அண்ணே. முனையில் முடிச்சு என்று எங்கள் நாலு பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. சனிக்கிழமை தெரிந்த பயிற்றுநர் ஒருவரோடு டெய்ரி ஃபார்ம் பழைய குவாரிக்குப் போய், தாழ்வான இடத்தில் பத்துத் தடவையாவது இறங்கிப் பார்க்கிறோம்.