பிஜோலியா கல்வெட்டின் தெளிவான படம் கிடைக்குமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். அஜ்மீரை ஆண்ட சௌகான்களின் வம்சாவளியைத் தமிழில் தொகுத்து வருகிறேன். பிருதிவிராஜன் என்றாலே நம்மவர்களுக்குச் சம்யுக்தை கதைதான் நினைவுக்கு வருகிறது. அவனுக்கு முந்தைய தலைமுறைகளை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

நான்காம் விக்கிரகராஜனுக்குப் பிறகுதான் சிக்கல். முதலில் மகன் அமரகாங்கேயன், அடுத்து அண்ணன் மகன் இரண்டாம் பிருதிவிராஜன், அதன்பின் விக்கிரகராஜனின் தம்பியும் குஜராத் சோலங்கி அரண்மனையில் வளர்ந்தவனுமான சோமேசுவரன். சில ஆண்டுகளுக்குள் அரியணை இத்தனை கை மாறியிருக்கிறது. 1192இல் வீழ்ந்த பிருதிவிராஜன் இந்தச் சோமேசுவரனின் மகன்.

சோமேசுவரன் காலத்தில், 1170இல், ராஜஸ்தானின் பில்வாடா மாவட்டத்துப் பிஜோலியாவில் பார்சுவநாதர் கோயிலருகே பாறையில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு இந்த வரிசையைச் சொல்கிறது. முன்னோர்களில் ஒருவனான சாமந்தனை வத்ஸ கோத்திரத்தவன் என்கிறது. சௌகான் குலம் வேள்வித் தீயில் பிறந்தது என்ற கதை அதில் இல்லை. அந்தப் பகுதியை மூலத்திலேயே படித்தாக வேண்டும். என்னிடமுள்ள நகலில் எழுத்துகள் மங்கிக் கிடக்கின்றன.

ராஜஸ்தானின் பில்வாடா பக்கம் போகிறவர்கள் படம் எடுத்து அனுப்ப முடியுமா? மூலபாடம் வைத்திருப்பவர்களும் சமஸ்கிருதம் அறிந்தவர்களும் தயவுசெய்து இங்கேயே பதில் எழுதுங்கள்.