1994 ஆர்எக்ஸ் 100: வாங்கலாமா?

கேள்வி:
மதுரையில் ஒருவர் 1994ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை விற்கிறார். பெயின்ட் புதிது, சத்தமும் நன்றாக இருக்கிறது. ஆர்சி (பதிவுச் சான்று) காலாவதியாகிவிட்டதாம், வாங்கிய பிறகு நானே புதுப்பித்துக்கொள்ளலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில் 1:
முதலில் ஆர்சியைப் பாருங்கள், ஐயா. பதினைந்து ஆண்டுகள் கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், விற்பவரே அதைத் தம் பெயரில் முடித்துத் தரட்டும். பிறகு உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் பெற்றுக்கொண்டு பணம் கொடுங்கள். இதன் தயாரிப்பு 1996இல் நின்றுவிட்டதால், வெவ்வேறு வண்டிகளின் பாகங்களைக் கோத்து விற்பவர்களும் உண்டு. வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் எழுத்துகள் வரிசை தப்பியிருந்தால் பேரமே பேச வேண்டாம். புதுப் பெயின்ட் எனக்கென்னவோ சந்தேகத்தையே தருகிறது.

பதில் 2:
இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே உதைத்துப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் தொடக்கத்தில் புகை வருவது இயல்புதான்; ஆனால், நன்றாகச் சூடேறிய பிறகும் அடர்ந்த வெண்புகை குறையாமல் வந்தால், கிராங்க் ஆயில் சீல் (இன்ஜினுக்குள் கியர் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய், கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டரை எத்தனை முறை ரீபோர் செய்தார்கள், அதாவது தேய்ந்த உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்தினார்கள் என்றும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சேஸிஸ் எண்ணின் மேல் உள்ள பெயின்டைச் சுரண்டிப் பார்க்க அவர் சம்மதித்தால் மட்டுமே மேற்கொண்டு பேசுவேன்.