மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் பழைய ஸ்கோர் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் நடத்துகிறோம். சிகிச்சைக்கு வந்து தங்கும் கொல்கத்தாக்காரர்கள் பேசிப் பேசியே எனக்கும் அவர்கள் ஊரின் இந்த இரண்டு கால்பந்து கிளப்புகளின் மோதல் மேல் பித்து பிடித்தது. போன மாதம் ஒரு தாத்தா, ஊசி போட்ட பிளாஸ்திரி ஒட்டிய கையை விரித்து ஐந்து விரலையும் காட்டினார். 1975 ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டி, ஈஸ்ட் பெங்கால் 5-0. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். 1925இல் லீக்கில் நடந்த முதல் மோதல், ஈஸ்ட் பெங்கால் வீரர் பூட்டியா ஹாட்ரிக் அடித்த 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, 2009இல் மோகன் பகானின் 5-3 எல்லாம் ஏறிவிட்டன. 1930 முதல் 1960 வரைதான் காலி. சிநேக ஆட்டங்களையும், 2012 டிசம்பர் ஆட்டம் போல பாதியில் நின்றவற்றையும் தனியாகப் பிரிக்க வேண்டும். அப்புறம், குடியாத்தம், ஆற்காடு பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய விளையாட்டுப் பத்திரிகை இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். பெங்காலி படிக்கத் தெரிந்தவர்களும் தேவை.